குடியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய பத்து வினாக்கள்



கல்வி விழாவிலே குடியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மகனுக்கு எடுத்துவைத்த கல்லூரிக் கட்டணம் எந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்த தாய்மார்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

நம் உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் புகழ் பெற்றவை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. வாரியத்தில் அமரத் தகாதவர் யாவர் என்று அவை கூறும் பட்டியலில் மது அருந்தியோரும் உண்டு. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோருக்கென்றே அமைந்த அச்சபையில் நம் முன்னோர்க்கு இடமே இருந்ததில்லை. அது வேறு கதை. குடியைப் பற்றிய வினா அங்கே ஒருவரை விலக்குவதற்காகக் கேட்கப்பட்டது என்பதையே இங்கு கருதுகிறோம். பிற்காலத்தில் நம் சேரிகளை நோக்கி அவ்வினா எழுந்தபோதும் இழிவுபடுத்தவே எழுந்தது. ஊரார் குடித்தால் பழக்கம், நாம் குடித்தால் பிறவிக்குணம் என்றல்லவா பேசினார்கள்! ஆகவேதான் யாரேனும் அதைக் கேட்டால் நம்மவர் முகம் சுருங்குகிறது; உண்மை வெளிவருவதில்லை.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் மதுவிலக்குக்காகச் சட்டசபையிலே குரல் கொடுத்தவர். கடைகளை மூடச் சொல்லும் அப்போராட்டம் தொடரட்டும். ஆனால் கடை மூடும் நாள்வரை குடிப்பவரோடு ஒரு சொல்லும் பேசாதிருப்பது முறையா? 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், நமக்கு அண்மையிலுள்ள மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மாண்டவர் 60 பேருக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் உழைத்துப் பிழைத்த எளிய மக்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1989 இல் பத்து வினாக்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒருநாளில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமற் போனதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் வேலை ஓடும் என்ற நிலை உண்டா, முந்தின இரவு நடந்தது மறந்துபோனதுண்டா, குடியினால் யாருக்கேனும் காயம் நேர்ந்ததா — இவ்வாறு செல்லும் வினாக்கள். மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால் குடி தீங்கின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். இருபதோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். புகையிலை, கஞ்சா முதலியவற்றையும் சேர்த்துக் கேட்க அந்நிறுவனத்தின் வேறொரு தாளும் உண்டு.

“ஒரே ஒரு குவாட்டர்தான் ஐயா” என்பது நாம் அன்றாடம் கேட்கும் விடை. கணக்கிட்டுப் பார்ப்போம். அந்தத் தாள் ஓர் அளவு என்று கொள்வது பத்துக் கிராம் சாராயச் சத்து. 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ அறுபது கிராம் இருக்கிறது. எனவே ஒரு குவாட்டர் ஆறு அளவாகிறது! ஒரே வேளையில் ஆறு அளவு குடிப்பது எத்தனை முறை என்று தனி வினாவே அத்தாளில் உண்டு. இக்கணக்கை நம் தொழிலாளத் தோழர்களில் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

மதிப்பெண் கிடைத்தபின் ஐந்து அல்லது பத்து நிமிடம் பேசினால் போதும். அப்பேச்சில் ஏச்சுக்கும் சத்தியம் வாங்குவதற்கும் இடமில்லை. “அண்ணே, உங்கள் எண் இது, இதனால் வரக்கூடியது இது, முடிவு உங்களுடையது” என்று சொல்லி, குடியால் அவர் கண்ட நன்மை எது, இழந்தது எது என்று அவர் வாயாலேயே சொல்ல விட வேண்டும். சாமிக்கு மாலை அணிந்து நாற்பத்தெட்டு நாள் தொடாதிருந்தவர் நம்மிடையே பலர். அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்டால் நம் சொற்பொழிவைவிட அவர் விடை அவருக்கே பயன்படும்.

இது நடைபெறக்கூடியதா என்று ஐயுறுவோர் கோவாவைப் பார்க்கலாம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் மக்களே நான்கு முறை வரை இவ்விதம் பேசினர். தீய அளவில் குடித்த ஆண்களிடையே மூன்று மாதத்திற்குப் பின் அந்நிலையிலிருந்து மீண்டோர் 36 விழுக்காடு. பேச்சைப் பெறாதோரிடையே 26. இவ்வாய்வு 2017 இல் வெளிவந்தது. வேறுபாடு பெரிதன்று என்பீர்கள். நூறு குடும்பங்களில் பத்துக் குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையை இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். காலையிலேயே கை நடுங்குபவரை, குடித்தால்தான் நடுக்கம் நிற்பவரை, அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தச் செய்யலாகாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். அவருக்கு மருத்துவமனைப் படுக்கையே உரிய இடம். எங்கே செல்வதென்று தெரியாதோர் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டு வாயிலிலேயே பார்க்கிறார்கள். அதே இயல்போடு இப்பத்து வினாக்களையும் கேட்க நம் மாலைப் பாடசாலையில் பயின்ற இளைஞர்கள் முன்வர வேண்டுகிறோம். வினாவை முதலில் தமக்கே கேட்டுக்கொள்ளட்டும். பெரியவர்களைத் தனியிடத்தில், மனைவி மக்கள் முன்னிலையில் அல்லாது கேட்கட்டும். பெண்களைப் பெண்களே கேட்கட்டும். எழுதிய தாளைக் கேட்கப்பட்டவரிடமே கொடுத்துவிடட்டும். அதன் படி கழகத்திலும் இருக்க வேண்டியதில்லை.