நான் ஓட்டிய கார்கள்



யாதவகிரியில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையில் மோட்டார் சைக்கிள்களின் பாகங்களைப் பூட்டுவதே என் தொழில். உள்ளம் நாடியதோ நான்கு சக்கரங்களை!

முதலில் வாங்கியது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையில் உருவானது. அதன் பானெட் முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் அமர்ந்தே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். பார்க்கவும் வேண்டியிருந்தது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினேன் என்பதை என் இல்லத்தரசியிடம் கேளுங்கள். செம்பை ஏந்தி நின்றவர் அவர்தாம்.

அடுத்தது, மாமனார் கோவையிலிருந்து அளித்த அம்பாசடர். பதிவெண்ணை மாற்றாமல் நாளை நாளை என்று காலந்தாழ்த்தினேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிக் கலவரம் மூண்டது. வாசலில் தமிழ்நாட்டு எண்ணோடு கார் நிற்கிறது! அன்றிரவு அடுத்த வீட்டுக் கன்னட நண்பர் வந்தார், ஒன்றும் பேசவில்லை. தம் புதல்வர்களுடன் காரைத் தம் மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிச் சென்று வைக்கோலால் மறைத்தார். பதினைந்து நாள் கழித்து, கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். ஆயினும் இருக்கைகளின் அடியில் வைக்கோல் பல ஆண்டுகள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

1996இல் ஆலை மூடப்பட்டது, அம்பாசடரையும் விற்றேன். பின்னர் மகன் வாங்கித் தந்த மாருதி 800இல் சாமுண்டி மலைக்கு முதன்முதலாகச் சென்றபோது, முன்னிருக்கையில் என்னருகே அமர்ந்தவர் அந்த நண்பரே. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதற்குக் கொட்டகை வேண்டாம், என் திண்ணையே போதும்" என்றார் கன்னடத்தில்.