எருக்குழியும் மரபணுத் தொகுதியும்



நெல்லும் கரும்பும் தைலமரமும் விளையும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்கருத்தரங்கு கூடுவது மிகப் பொருத்தம். வைக்கோல், கரும்புச் சோகை, தைலமரக் கட்டை எல்லாவற்றுக்கும் உறுதி தருவது செல்லுலோஸ். குளுக்கோஸ் சங்கிலிகள் நெருங்கி அடுங்கி, லிக்னின் சூழ நிற்பதால் அதை உடைப்பது கடினம். ஆனால், சூடேறிய எருக்குவியலின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத இடத்தில், சில பாக்டீரியாக்கள் அதைச் செய்து முடிக்கின்றன.

அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது 1926இல் விவரிக்கப்பட்ட குளோஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம். இன்றைய பெயர் அசிட்டிவிப்ரியோ தெர்மோசெல்லஸ். 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழிப்பது. அதன் நொதிகள் செல்லுலோசோம் என்னும் பெருங்கூட்டாக இயங்குவதை 1983இல் லாமெட், பேயர் முதலியோர் காட்டினார்கள். ஒரு தாங்குபுரதத்தில் 9 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நொதி அமரும். அறுப்பவரும் கட்டுபவரும் அடிப்பவரும் ஒரே களத்தில் கைகோத்தது போல வேலை விரைந்து நடக்கும்.

சுமார் 38 லட்சம் கார இணைகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது வியப்பு கூடியது. தாங்குபுரதத்தின் அந்த இடங்களில் அமரத்தக்க புரதங்களுக்கான மரபணுக்கள் 70க்கும் மேல் இருந்தன. வெளியே கிடைக்கும் பல்சர்க்கரை எது என்று உணர்ந்து, உரிய மரபணுக்களை இயக்கும் உணர்விப் புரதங்களும் தெரியவந்தன. கம்சட்காவின் வெந்நீரூற்றில் கிடைத்த கால்டிசெல்லுலோசிரப்டர் பெஸ்சியை வேறு வழியில் போகிறது. அதற்குச் செல்லுலோசோம் இல்லை. செல்-ஏ என்ற ஒரே புரதத்தில் இரண்டு வெட்டும் பகுதிகளை வைத்துக்கொண்டு, செல்லுலோஸைக் குடைந்துகொண்டே உள்ளே இறங்குகிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: மரபணுத் தொகுதி ஓர் உயிரால் என்ன முடியும் என்று காட்டும், என்ன செய்கிறது என்பதை அதை வளர்த்துத்தான் அறியவேண்டும். பணி தெரியாத புரதங்கள் தரவுத்தளங்களில் குவிந்து கிடக்கின்றன. கணினித் திரையோடு நின்றுவிட்டால் அவை அப்படியே கிடக்கும்.

வளர்த்துக் காட்டியவர்கள் நம் நாட்டிலும் உண்டு. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் சுதாராணியும் சீனய்யாவும் தெர்மோசெல்லம் பாக்டீரியாவின் எஸ்எஸ்21, எஸ்எஸ்22 என்னும் வகைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் எத்தனால் தாங்கும் திறனை 1999இல் வெளியிட்டார்கள்.

2022இல் பானிபட்டில் தொடங்கிய ஆலை வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறது. அங்கே நொதிகளைத் தனியே சேர்க்கவேண்டும். தெர்மோசெல்லம் பாக்டீரியாவோ நொதியையும் தானே சுரந்து, சர்க்கரையையும் தானே புளிக்கவைக்கும். ஆனால் எத்தனாலோடு அசிட்டேட்டும் லாக்டேட்டும் ஹைட்ரஜனும் பிறப்பதால் விளைச்சல் குறைகிறது. அதைச் சரிசெய்வதே இன்றைய பெரும்பணி. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: நம் ஊரில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அதில் கைவைக்காமல், வயலில் எரிக்கப்படும் சோகையிலிருந்து தொடங்குவோம்.

இம்மாவட்டத்தின் எருக்குழிகளிலிருந்தும் சாண எரிவாயுக் கலன்களிலிருந்தும் மாதிரி எடுங்கள். ஆக்சிஜன் புகாத குழாய்களில் வளர்த்து, தூய்மைப்படுத்தி, சண்டிகர் நுண்ணுயிர்ச் சேகரத்தில் ஒப்படையுங்கள். அதன்பின் வரிசைப்படுத்துங்கள். இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு மரபணுக் கட்டுரைக்கும் பின்னால் உயிருள்ள ஒரு வளர்ப்பு இருக்கவேண்டும் என்ற வேண்டுகோளோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.