கறுப்புப் பெட்டிக்குள் ஒரு காரின் விலை



சுங்கை ஆயர் தாவார், சபாக், சுங்கை பெசார் வட்டாரத்தில் கல்யாண விருந்து என்றால் மேடையில் ஓர் இசைக்குழு இருக்கும். எல்லாருடைய கண்ணும் பாடகர் மேல். அடுத்து கீபோர்டு வாசிப்பவர் மேல். டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத இடத்தில், நீளக் கழுத்துள்ள கித்தாரோடு நிற்கும் இளைஞரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் இரண்டு வரிக்குக் கையை எடுத்துவிட்டால் போதும், 'பாட்டுல என்னமோ கொறையுதே' என்று பந்தி பரிமாறும் பெரியம்மாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். அவர் கையில் இருப்பதுதான் பேஸ் கித்தார்.

அதன் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியைக் காது கேட்பதற்கு முன் நெஞ்சு உணர்ந்துவிடும். கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இதில் பாதிதான் கிடைக்கும். இளையராஜாவின் 1980களின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு மெட்டில் போவார், பேஸ் கித்தார் அடியில் தனியாக இன்னொரு மெட்டு போட்டுக்கொண்டே வரும். ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் நெடுங்காலம் பேஸ் வாசித்திருக்கிறார். பாடலைத் தெரிந்த லட்சக்கணக்கானோரில் அவர் பெயரைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இந்தக் கருவி ஒன்றும் பழையதல்ல. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் மெட்டுகள் பதித்திருந்ததால் சுருதி துல்லியமாக விழும், அதனால் அந்தப் பெயர். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அளவெடுத்துச் செய்யும் பேஸ் கித்தார் அதற்குப் பிறகு வந்தது. கலிபோர்னியாவில் 1969-இல் தொடங்கிய அலெம்பிக் என்ற பட்டறை, ஜாக் கசாடி என்ற கலைஞருக்காக 1972-இல் தன் முதல் பேஸைச் செய்து கொடுத்தது. நியூயார்க்கில் அந்தோணி ஜாக்சன் என்பவர், பேஸுக்கு ஏன் நான்கு தந்தி மட்டும், ஆறு ஏன் கூடாது என்று யோசித்தார். அவருக்காக 1975-இல் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞர் ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்தார். பிறகு 1983-இல் புரூக்ளினில் ஃபோடெரா பட்டறை வந்தது. இன்று உலகெங்கும் பேஸ் வாசிப்பவர்கள் பெருமூச்சோடு சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று.

அளவெடுப்பது என்றால் எதை? தையற்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவரின் விரல் தடிமனா, மெல்லியதா என்று பார்த்துத் தந்திகளுக்கிடையே 16 மில்லிமீட்டரா, 19 மில்லிமீட்டரா என்று முடிவு செய்கிறார்கள். கழுத்து உள்ளங்கையில் எவ்வளவு பருமனாக உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவரா? அப்படியானால் எடை குறைந்த மரம். ஐந்தாம் தந்தி வேண்டுமா? அது வினாடிக்கு 31 முறைதான் அதிரும். வழக்கமான 34 அங்குல நீளத்தில் கொஞ்சம் தளர்ந்து, சத்தம் குழைந்துவிடும். அதனால் சிலர் நீளத்தை 35 அங்குலமாக்குகிறார்கள். கனடாவின் டிங்வால் நிறுவனம் மெட்டுகளை விசிறி மடிப்புபோலச் சாய்த்துப் பதித்து, தடித்த தந்திக்கு மட்டும் 37 அங்குல நீளம் கொடுத்தது.

கழுத்துதான் உயிர். நான்கு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ விசையில் அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரே மரத்துண்டில் செய்தால் வளையலாம், முறுக்கிக்கொள்ளலாம். ஆகவே மூன்று, ஐந்து துண்டுகளை இழை எதிரெதிராக வரும்படி ஒட்டுகிறார்கள். ஒட்டியதும் சீவிவிடுவதில்லை. கொஞ்சம் சீவி, சில வாரம் விட்டு, மரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மறுபடி சீவுகிறார்கள். விலையில் பெரும்பகுதி இந்தப் பொறுமைக்குத்தான் போகிறது. மேலே பளபளக்கும் வண்ணத்துக்குக் கொடுப்பது கொஞ்சம்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். கோயில் திருவிழாவில் ஊதும் நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிறார்கள். பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, ஈரம் வற்றிய மரத்துக்குத்தான் அங்கே மதிப்பு. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, வார் இழுத்து, நாதம் பார்த்துக் கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. வித்துவானும் கைவினைஞரும் நாள் கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு நாதத்துக்காக மல்லுக்கட்டினார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஃபோடெரா பேஸின் தலையில் செய்தவரின் பெயர் மின்னுகிறது. மிருதங்கம் செய்தவர் பெயர் மேடையேறவில்லை. அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஒரு தனி நூலே எழுத வேண்டியிருந்தது. கருவியை ரசிப்பது என்றால் செய்தவரின் கையையும் சேர்த்து ரசிப்பதுதான் என்பதைப் புரூக்ளின்காரர்கள் விரைவாகப் புரிந்துகொண்டார்கள்.

சரி, விலைக்கு வருவோம். பேர்பெற்ற பட்டறையில் சொல்லிச் செய்யும் பேஸ் 10,000 அமெரிக்க டாலரை எளிதாகத் தாண்டும். ஏறக்குறைய 40,000 வெள்ளி. ஒரு சிறிய பெரோடுவா காரின் விலை. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு உழைப்பு, சாப்பாடு, வாடகை எதுவும் கழிக்காமல். பணம் கட்டிய பிறகும் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. வாசிக்கப் பழகி மூன்று ஆண்டுகூட ஆகாத பிள்ளைகள் தனிநபர் கடன் எடுத்து இப்படிப்பட்ட கருவிக்கு ஆசைப்படுகிறார்கள். விருந்துக்கு வாசித்துக் கிடைப்பது பெட்ரோலுக்கும் தந்திக்கும் போக எவ்வளவு மிஞ்சும்? கடன் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நிற்கும். பெற்றோர் திட்டினால் 'உங்களுக்குக் கலை தெரியாது' என்று பதில்.

கலை தெரிந்தவர்களையே பார்ப்போமே. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுனுக்கு ஒரு ஹோஃப்னர் பேஸ் வாங்கினார். இடக்கைக்காரரான அவருக்கு அதன் வயலின் வடிவம் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியவில்லை, விலையும் கட்டுப்படியானது. பீட்டில்ஸின் தொடக்ககாலப் பாடல்கள் அதில் பிறந்தன. 1972-இல் களவு போன அந்தக் கருவி அரை நூற்றாண்டுக்குப் பின் அவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை பிரிசிஷன். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் ஜாஸ் பேஸிலிருந்த மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியைத் தடவி, தமக்கு வேண்டிய குரலை வரவழைத்தார். இவர்களில் ஒருவரும் அந்தக் கருவிகளுக்காகப் பட்டறை வாசலில் காத்திருக்கவில்லை.

அப்படியானால் அளவெடுத்துச் செய்வது வீணா? இல்லை. அந்தோணி ஜாக்சனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. பல ஆண்டு வாசித்து, தன் கருவி எந்த இடத்தில் தன்னைத் தடுக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியவருக்குத்தான் பட்டறை பயன்படும். கைவினைஞர் கேட்கும் பத்துக் கேள்விக்கு 'உங்களுக்கு எது நல்லதோ அப்படியே செய்யுங்கள்' என்று பதில் சொல்பவர் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாம். அவருக்கு இப்போது வேண்டியது நல்ல தொழிற்சாலைக் கருவி ஒன்றும், கழுத்தையும் தந்தி உயரத்தையும் சரிசெய்து கொடுக்கத் தெரிந்த ஒருவரும்தான்.

கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மலேசியக் கித்தார் கைவினைஞர் ஜெஃப்ரி யோங் உள்ளூர் மரத்தில் செய்த கித்தார், 2006-இல் அமெரிக்கக் கித்தார் கைவினைஞர் சங்க மாநாட்டில், கருவியைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு மதிப்பிடும் சோதனையில் முதலிடம் பெற்றது. அந்த மரம் எது தெரியுமா? சாலையோரத்தில் சாயங்காலமானால் இலை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரம். நிழலுக்கு மோட்டாரை நிறுத்துவதோடு நாம் விட்டுவிட்ட மரம்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுங்கை ஆயர் தாவார் கடலோரத்து ஊர். காற்றில் ஈரமும் உப்பும். கித்தார் மரத்துக்கு ஒத்துப்போகும் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியது. இங்கே அது 80-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். விலை அதிகமென்று பெட்டிக்குள் பூட்டி அலமாரிமேல் ஏற்றினால் கழுத்து தன்பாட்டுக்கு நகரும், தந்தி துருப்பிடிக்கும், மூடிய பெட்டியில் பூஞ்சை கட்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்தியை அடியோடு துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, சின்ன ஈரமானி ஒன்றும் வையுங்கள், சில பத்து வெள்ளிதான். பட்டறைக் கருவியானாலும் பழைய கருவியானாலும் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் திருகை ஆறுகோணச் சாவி கிடைத்ததென்று நீங்களே முறுக்கிப் பார்க்க வேண்டாம். நல்ல கழுத்துகள் பல அப்படித்தான் உடைந்திருக்கின்றன.