மேளமும் வானொலியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நாம் பாடகர் அல்லோம். வாத்தியம் எதுவும் வாசிக்க அறியோம். தாளம் போடும்போது கூட எமது விரல் சிலவேளை பிந்திப் போவதுண்டு. கேட்பது ஒன்றே எமது தொழில். அத்தகைய ஒருவரை அழைத்துச் சங்கீதத்தைப் பற்றிப் பேசச் சொன்னது சங்கத்தாரின் துணிவென்றே சொல்லவேண்டும். ஆயினும் சமைப்பவரிலும் பார்க்க உண்பவருக்கே உப்பின் அளவு தெரியும் என்ற தைரியத்தினாலே வந்து நிற்கின்றோம்.

எமக்குக் கேட்கப் பழக்கிய குருமார் இருவர். ஒருவர் கோயில் மேளம், மற்றவர் றேடியோ.

முதலில் றேடியோவைச் சொல்லுவோம். கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசெம்பரில். யுத்த காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காக அமைந்த நிலையம் பின்னர் இலங்கை அரசிடம் வந்தது. ஏக்கலையில் இருந்த அதன் 100 கிலோவாட் சிற்றலைக் கருவி கடல் கடந்து பேச வல்லது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1952இல் இந்திய மத்திய மந்திரி கேஸ்கர் அவர்கள் சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கிறதென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாதபடி செய்தார். நல்ல நோக்கந்தான், ஆனால் சனங்கள் சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கம் திரும்பவில்லை, இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள்! விவித் பாரதி 1957இல் தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலை இராமேசுவரத்துக்கு அப்பாலும் வீட்டு மனிதரின் குரலாகக் கொண்டாடினார்கள். கட்டளையிட்டு இரசனையை வளர்க்க முடியாது என்பதற்கு இதனிலும் நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது. பின்னாற் சொல்லப்போகும் விஷயத்துக்கும் இது வேண்டும்.

எமது சிறு பிராயத்தில் றேடியோ இருந்த வீடு ஒழுங்கைக்கு ஒன்றிரண்டு. பெட்டியை யன்னற் கட்டில் வைப்பார்கள். முற்றத்தில் அயலவர் இருப்பார்கள். காலையிலே ‘பொங்கும் பூம்புனல்’ முடியுமுன் பள்ளிக்கூடம் புறப்பட்டவன் யோக்கியன். நேயர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும்போது எமது ஊரின் பெயர் வந்துவிட்டால், தபாலட்டை எழுதியவன் அன்று முழுவதும் நிலத்தில் நடக்கமாட்டான். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ ஊரிலே எத்தனை ஊமைகளைப் பாடவைத்தது! நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாட்டுகளும் அவ்விதமே எங்கள் முற்றத்துக்கு வந்தன. எங்கள் பேச்சுத்தமிழிலே, எங்கள் மாமியையும் கள்ளுக்கடையையும் பற்றிப் பாடலாம் என்று அன்றுதான் கண்டோம். பெரியவர்கள் முகஞ் சுளித்தார்கள். சுளித்தவாறே வாய்க்குள் முணுமுணுத்தும் இருந்தார்கள்.

இனி மேளம். எமது பகுதிக் கோயில்களில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் பிடித்தால் இன்றையவர் நான்கு கூட்டம் பிடிப்பார். இதில் வீம்பு உண்டுதான். ஆனால் அந்த வீம்பின் நிழலிலேதான் அளவெட்டியிலும் இணுவிலிலும் பெரிய வித்துவான்கள் வளர்ந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்கள் திருவிழாக் காலத்துக்கு வந்து இங்கே மாதக்கணக்காகத் தங்கி வாசித்தார்கள். பின்னர் எங்கள் தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களை (1933–1975) அங்குள்ளவர்கள் விரும்பி அழைத்தார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதஸ்வரத்தைப் பற்றி இந்தச் சபையில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தவிலை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பலாமரத்துக் குடைவு. வலந்தலையிலே கூடு மாட்டிய விரல்கள், தொப்பியிலே கழி. அந்தக் கூடு விரலோடு இறுகி வலிக்கும். அவ்வலியோடுதான் விடியுமட்டும் வாசிப்பார்கள். இசைத்தட்டுப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அது தட்டின் அளவு. தனி ஆவர்த்தனத்துக்கு அளவு எது? வாசிப்பவருடைய கற்பனையும், எதிரே இருப்பவர்களுடைய முகமுந்தான். முகம் மலர்ந்தால் அது வளரும். முகம் திரும்பினால் வாடிவிடும். றேடியோவுக்கு எங்கள் முகம் தெரியாது. நாம் எழுந்து போனாலும் அது பாடிக்கொண்டிருக்கும்.

இவ்விடத்தில் எமது குற்றம் ஒன்றைச் சபையிலே சொல்லவேண்டும்.

எழுபதுகளிலே, வடமராட்சியில் ஒரு கோயிற் பூங்காவனத் திருவிழா. வீதியில் மேளச்சமா நடக்கிறது. சற்றுத் தூரத்தில் இன்னொரு மேடை; அங்கே கிற்றாரும் ட்றம்மும் கொண்ட இசைக்கோஷ்டி. தனி தொடங்கிக் கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். மிச்ர நடையிலே ஒரு கோவையைப் பின்னிக்கொண்டு போகிறார் தவில்காரர். அந்நேரம் மற்ற மேடையில் கிற்றார் ஒலித்தது. முன் வரிசையிலிருந்த இளைஞர் கூட்டம் முழுவதும் எழுந்து ஓடிற்று. நாமும் ஓடினோம். ஓடும்போது திரும்பிப் பார்த்தோம். ஏன் பார்த்தோமோ தெரியாது. அவர் தலை நிமிர்ந்து, வெறுமையாய்க் கிடந்த மணலைப் பார்த்தார். பின்னியதை முடிக்கவில்லை, சின்னதாக ஒரு தீர்மானம் வைத்து நிறுத்திவிட்டார். அந்தக் கோவை எவ்விதம் முடிந்திருக்கும் என்று இன்றுவரைக்கும் எமக்குத் தெரியாது. அவரும் போய்விட்டார்.

கோஷ்டியில் குற்றமில்லை. இசைவாணர் கண்ணன் அவர்களின் கோஷ்டி போன்றவை எங்கள் மண்ணுக்குச் செய்த தொண்டு பெரிது. வல்வெட்டித்துறை இந்திர விழாவிலே வீதி நெடுகிலும் மேடை போட்டுப் பாடுவதை நாமும் விடிய விடிய நின்று கேட்டவர்களே. குற்றம் கால்களில்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது; பற்றரிக்கும் தடை வந்தது. அப்போது சைக்கிளை நிறுத்திவைத்து, டைனமோவைச் சில்லிலே பொருத்தி, ஒருவர் பெடல் மிதிக்கப் பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் ஒலிநாடாவிலே பாடகரும் களைப்பார். சுருதி கீழே இறங்கும். “மிதியடா தம்பி, ஐயா விழப்போகிறார்!” என்று பகிடி பண்ணுவோம். ஆனால் அந்நாட்களில் பாட்டின் நடுவிலே எழுந்துபோன ஒருவரை நாம் காணவில்லை. வியர்வை சிந்தி வாங்கிய பாட்டு அல்லவா?

இன்று கையடக்கப் பெட்டியிலே உலகத்துச் சங்கீதமெல்லாம் இருக்கிறது. தெட்சணாமூர்த்தியின் தவிலும் இருக்கிறது. அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தள்ளிவிடலாம். 2024 பெப்ரவரி 9ஆந் திகதி யாழ். முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் கச்சேரி நடந்தபோது சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, நிகழ்ச்சி இடையிலே குழம்பியதை அறிவீர்கள். அந்த இளைஞர்களை ஏசப் பலர் இருந்தார்கள். மணலிலே எழுந்து ஓடிய நாம் எந்த முகத்தோடு ஏசுவது? அத்தனை ஆயிரம்பேர் பாட்டைத் தேடி வந்தார்களே என்பதுதான் எமக்கு முதலிற் பட்டது.

இந்த ஊரில், எங்கள் சந்நிதியிலே, வாய்கட்டி மௌனமாகப் பூசை நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். மௌனமாக நிற்க உங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. ஆனபடியால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கு இசைக்கோஷ்டியைத் தாராளமாகப் பிடியுங்கள். வேண்டாமென்று தடுத்தால் கேஸ்கர் கதைதான். அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் ஒரு கூட்டம் மேளம் வையுங்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் ஒலிபெருக்கி வேண்டாம். நாதஸ்வரத்துக்கு அது தேவையுமில்லை. தனி முடியுமட்டும் மற்ற மேடையில் வயர் இழுப்பது, சுருதி பார்ப்பது ஒன்றும் கூடாது. மேளத்துக்கான செலவிலே அரைவாசி எமது பொறுப்பு. கடித உறையைப் பொருளாளர் தம்பியிடம் காலையிலேயே கொடுத்துவிட்டோம். மீதிக்குச் சபையிலுள்ள பெரியவர்கள் தங்கள் பெயரை வெளியே போகுமுன் அவரிடம் எழுதுவிக்கலாம். முன் வரிசையில் எமக்கு ஓரிடம் வைத்தாற் போதும்.