மார்கழிப் பனியில் வழிநடை



கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையை நீங்கள் அறிவீர்கள். மார்கழி விடியலில் அச்சாலை பலருக்கும் பொதுவானது. கோயிலுக்குச் செல்வோர், பால்காரர், வயலுக்குப் போவோர், பேருந்து, லாரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே பனி மூடியிருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், திருவாதிரைக்கு முதல் நாள் தேர் காண்பதற்காக மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழியே நடந்தேன். நால்வர் நால்வராகக் கைகோத்து, உரக்கப் பேசியபடி சென்றோம். பின்னால் வந்த பால்காரரின் மணியோசை எங்கள் காதில் விழவில்லை. எங்கள்மீது மோதாதிருக்க அவர் சைக்கிளை ஒடித்தார்; சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். முழங்காலில் இரத்தம், பால் முழுவதும் மண்ணில். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையே, ஐயா?" என்றுதான் கேட்டார். அக்கேள்வி என்னை இன்றும் சுடுகிறது. பிழை மாணவருடையதன்று, சொல்லிக்கொடுக்க மறந்த ஆசிரியனாகிய என்னுடையது.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். இரவில் நிலம் குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகி ஒளியைச் சிதறடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு, தடையை அழுத்துவதற்குள்ளேயே அத்தொலைவு போய்விடும்.

ஆதலால், நடைபாதை இல்லாத சாலையில் வலப்புற ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு, ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். வெளிர்நிற ஆடை அணியுங்கள், கைவிளக்கு ஏந்துங்கள். களைப்பாறச் சாலையை விட்டு விலகி அமருங்கள். செவியில் பாட்டுக்கருவி வேண்டாம். முதியோரையும் குழந்தைகளையும் நடுவில் விட்டு, அவர்கள் நடைக்கேற்ப நடவுங்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஓரம் குறுகும்போது, முன்னே செல்பவரை முந்தாதீர்கள். சிதம்பரத்தின் நான்கு தேர்வீதிகளிலும் கூட்டம் நெருங்கும்போது, தேர்ச்சக்கரத்தின் அருகே செல்லாதீர்கள், பின்னிருந்து தள்ளாதீர்கள்.

இவற்றைப் பாதுகாப்பு விதிகள் என்பர் சிலர். நற்பண்பு என்பர் சிலர். பொதுவழியில் இரண்டும் ஒன்றே. வழிவிடுகிறவன் தன் உயிரையும் காக்கிறான். பிறர் உயிரையும் காக்கிறான்.

நாளை விடியலில் உங்கள் பின்னே ஒரு மணி ஒலித்தால், அது உங்கள் செவியில் விழட்டும்.