வெள்ளம் வடிந்த பின் சுவரில் எஞ்சும் ஈரம்

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் பெங்களூரு நகரின் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாப்பூர் சாலைப் பகுதிகள் நீரில் மூழ்கின. வசதி படைத்தோரும் படகிலும் டிராக்டரிலும் வெளியேற நேர்ந்தது. 2024 அக்டோபரில் எலகங்காவின் கேந்திரீய விஹார் குடியிருப்பும் இந்நிலைக்கு உள்ளாயிற்று. ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவேக்கள் ஆக்கிரமிக்கப்பட்டது பற்றி அப்போது விரிவாகப் பேசப்பட்டது. நீர் வடிந்த பின் வீட்டினுள் நிகழ்வது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை.

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றில் எப்போதும் உள்ளன. அவை முளைக்க ஈரமும் உணவும் போதும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்தாவிடில் பூஞ்சணம் தொடங்கிவிடும். செங்கல்லும் சிமெண்டும் அதற்கு உணவாவதில்லை. அவற்றின் மேல் படிந்த அழுக்கும் வண்ணப்பூச்சும் உணவாகின்றன. ஆனால், இன்றைய வீடுகளை நிறைக்கும் ஒட்டுப்பலகை, மரத்தூள் பலகை, ஜிப்சம் பலகையின் காகித உறை ஆகியவற்றில் உள்ள செல்லுலோஸ் அதற்கு நல்ல உணவு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையோ பூஞ்சணத்தைத் தடுக்கின்றது.

நனைந்த காகிதத்தில் வளரும் ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கரும்பூஞ்சணமும், ஆஸ்பர்ஜில்லஸ் இனங்கள் சிலவும் நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. எனினும் அச்சத்தை மிகைப்படுத்தலாகாது. அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் 1993–94இல் குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் இரத்தக் கசிவுக்குக் கரும்பூஞ்சணமே காரணம் என்று கூறப்பட்டது. அத்தொடர்பு நிறுவப்படவில்லை என 2000இல் மறுஆய்வு தெரிவித்தது. ஆனால் ஈரவீடுகளில் வாழ்வோர்க்கு இருமலும் இளைப்பும் ஆஸ்துமாத் தொல்லையும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி உறுதி செய்துள்ளது. எனவே, எவ்வகைப் பூஞ்சணம் என்று ஆராய்வதைவிட ஈரத்தை அகற்றுவதே முதற்பணி.

நனைந்து ஊறிய பலகைகளைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். சுவர் உள்ளுற உலரும் முன் வண்ணம் பூசுவது ஈரத்தைச் சிறைப்படுத்துவதாகும். பூஞ்சணத்தை மருந்திட்டுக் கொன்றால் மட்டும் போதாது. இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமை தருமாதலால், அதனைத் துடைத்து நீக்குதல் அவசியம்.

வீட்டுச் சேதத்திற்கான பேரிடர் நிவாரணம், இடிந்தும் சிதைந்தும் போன பகுதியைக் கொண்டே அளவிடப்படுகின்றது. நின்றுகொண்டே நஞ்சாகும் சுவர் அக்கணக்கில் எளிதில் வருவதில்லை. செல்வர் பலகையை மாற்றிவிடுவர். ஒற்றை அறையில் வாழும் தொழிலாளர் குடும்பமோ அந்த ஈரத்திலேயே உறங்குகின்றது. அதன் விலை மருந்துச் செலவாகவும் இழந்த கூலியாகவும் மாதந்தோறும் செலுத்தப்படுகின்றது. வீட்டை உலர்த்தும் செலவும் நிவாரணத்தில் இடம்பெறுமாயின், அது சிக்கனமான பொதுச் சுகாதாரச் செலவாகவே அமையும்.