நீண்டநாள் நின்ற மோட்டார் சைக்கிளை எழுப்புவது எப்படி?



சித்திரை மாதம் பிறந்து, இன்டர்லாக்கன் வீதிகளில் வெயில் விழத் தொடங்கியதும் முதலில் கேட்பது மோட்டார் சைக்கிள் சத்தம்தான். கிறிம்சல், சுஸ்ரன் மலைப்பாதைகள் திறக்க இன்னும் பல கிழமைகள் இருக்கும். ஆனால் ஆசை அதற்கு முன்பே வந்துவிடும்.

2021ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து சுவிசில் 16 வயதிலேயே 125 சீசீ மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். அதன் பிறகு எங்கள் வீடுகளிலும் ஒரு கேள்வி எழுகிறது. "அப்பா, கீழ கராஜில நிக்கிற உங்கட மோட்டார் சைக்கிளை நான் எடுக்கட்டே?" என் மகன் இப்படிக் கேட்டபோது அது ஐந்து குளிர்காலமாக அசையாமல் நின்றது. இலக்கத்தகட்டை எப்போதோ ஒப்படைத்துவிட்டேன். அதை எழுப்ப நான் பட்ட பாட்டையும், செய்த பிழைகளையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் நாள் திறப்பைப் போட்டு ஸ்ராட்டரை அமத்தினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினேன். பற்றரி படுத்துவிட்டது. புதுப் பற்றரி வாங்கினேன். பிடிக்கவில்லை. புதுப் பிளக் வாங்கினேன். அதற்கும் பிடிக்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகளும் நல்ல காசும் போனதுதான் மிச்சம்.

அப்போதுதான் கோண்டாவிலில் நான் பழகிய ஒரு கராஜ் நினைவுக்கு வந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வராது, பற்றரியும் வராது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் புகையும் மணமும் அனுபவித்தவர்களுக்கு மறக்காது. அந்தக் கராஜ்காரர் வேர்க்க வேர்க்க உதைத்துக்கொண்டு நிற்கும் எங்களைப் பார்த்துச் சொல்வார்: "உதைக்கிறதை நிப்பாட்டு தம்பி. முதல் மணந்து பார்."

நான் மணந்து பார்க்கவில்லை. தாங்கி மூடியைத் திறந்தேன். பெற்றோல் மணமே இல்லை. பழைய வார்னிஷ் மணம்தான் வந்தது. காபரேற்றரின் அடியில் இருக்கும் சிறு ஆணியைத் தளர்த்தியபோது தேநீர் நிறத்தில் ஒரு திரவம் இறங்கியது.

பெற்றோலில் எளிதில் தீப்பிடிக்கும் பகுதிதான் முதலில் ஆவியாகிப் போகும். மிஞ்சுவது தடித்துப் பிசினாகி, காபரேற்றருக்குள் இருக்கும் ஊசித்துவாரங்களை அடைத்துவிடும். எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பழுதானது என்ஜின் அல்ல. நான் உள்ளே விட்டுவைத்த பழைய பெற்றோல்தான்.

ஆகவே நேயர்களே, காசு செலவழிக்க முன் ஒரு ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, செலவில்லாதவை. கைப்பிடியில் இருக்கும் சிவப்பு நிறுத்தச் சுவிற்ச் எந்தப் பக்கம் நிற்கிறது? கியர் நியூற்றலில் இருக்கிறதா? பக்கக்கால் மடித்திருக்கிறதா? பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா? வண்டி சும்மா நிற்பதற்கு இவற்றில் ஒன்றே போதும்.

இரண்டாவது, பற்றரி. நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ற் ஈயப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்றுக்கு மேல் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது வெறுமை. அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றுங்கள். 10 அம்பியர்மணிப் பற்றரிக்கு 1 அம்பியர். கழற்றும்போது மறை முனையை முதலில் கழற்றவும், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டவும். லித்தியம் பற்றரி என்றால் அதற்குரிய சார்ஜர்தான் வேண்டும்.

மூன்றாவது, பெற்றோல். மணந்து பாருங்கள். பழையதை முழுவதும் இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். இறக்கியதைக் கானிலோ கழிவறையிலோ ஊற்ற வேண்டாம். உங்கள் கெமைன்டேயில் விசேட கழிவுகளை எங்கே கொடுப்பது என்று கேட்டு அங்கே கொடுங்கள். காபரேற்றர் அடைத்திருந்தால் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். காபரேற்றர் இல்லாத புது வண்டிகளில் திறப்பைப் போட்டதும் ஓரிரு விநாடி பம்பின் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் பியூசைப் பாருங்கள்.

நான்காவது, பிளக். ஸ்ராட் பண்ணிப் பார்த்த பிறகு கழற்றுங்கள். நனைந்து பெற்றோல் மணத்தால் பெற்றோல் வருகிறது, தீப்பொறி போதவில்லை, அல்லது பெற்றோல் கூடிவிட்டது. காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. பல வருடம் நின்ற வண்டியென்றால், முதன்முதல் சுற்றுவதற்கு முன்பே பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே காய்ந்து போயிருக்கும்.

ஐந்தாவது, காற்று. ஊரில் சைலன்சருக்குள் குளவி கூடு கட்டும். இங்கே காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி குடியிருக்கும். திறந்து பாருங்கள்.

ஸ்ராட்டரை ஒருமுறைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அமத்தாதீர்கள். அரை நிமிடம் ஆறவிடுங்கள். இன்னொன்று, நிலக்கீழ் கராஜுக்குள் நின்று ஸ்ராட் பண்ண வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ஆளை மயக்கிக் கொன்றுவிடும். தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

காபரேற்றரைக் கழுவிப் பூட்டி, வெளியே கொண்டுவந்து ஸ்ராட் பண்ணினேன். இரண்டாம் தரமே பிடித்தது. மகன் துள்ளினான். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் ஒரு சுற்று ஓடிப்பார்க்க ஏறிவிட்டான். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவன் முன் பிறேக்கைப் பிடித்தான். பிடி கைப்பிடிவரை வந்து ஒட்டியது. எதிர்ப்பு இல்லை. எனக்கு உடம்பு விறைத்தது. இறங்கச் சொன்னேன். குனிந்து பார்த்தால் ரயரின் பக்கங்களில் வெடிப்பு ஓடியிருந்தது.

ஐந்து வருடமாக நின்ற வண்டியில் நான் தேடியது என்ஜின் சத்தத்தை மட்டும்தான். பிள்ளையை உயிரோடு நிறுத்துவது பிறேக்கும் ரயரும் என்பதை மறந்துபோனேன்.

பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்வார்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. சுவிஸ் சட்டப்படி ரயர் பள்ளம் 1.6 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். ஆனால் ஓடாமல் நின்ற ரயரில் பள்ளம் நிறைய இருக்கும், றப்பர் செத்துப்போயிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த இரண்டையும் நான் கராஜில் கொடுத்தே செய்வித்தேன். ஊரில் கம்பியாலும் றப்பர் துண்டாலும் சமாளித்தோம், வேறு வழி இருக்கவில்லை. இங்கே வழி இருக்கிறது. இலக்கத்தகடும் காப்புறுதியும் இல்லாமல் பொதுவீதியில் ஓடிப்பார்க்கவும் முடியாது.

வருகிற ஐப்பசியில் வண்டியை நிறுத்தும்போது மூன்று வேலை செய்யுங்கள். தாங்கியை நிறைத்துப் பெற்றோல் பழுதாகாமல் காக்கும் மருந்தை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். நிறைந்த தாங்கி துருப்பிடிக்காது. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து இடைக்கிடை சார்ஜ் ஏற்றுங்கள். ரயருக்குக் காற்றை நிறையுங்கள்.

என் மகன் அந்தக் கோடையில் பிறியென்ஸ் ஏரிக்கரையால் மைரிங்கன்வரை ஓடிப்போய் வந்தான். புறப்பட முன் தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். பிறகு, நான் சொல்லாமலே, முன் பிறேக்கை இரண்டுதரம் பிடித்துப் பார்த்தான்.